ஏறுதலும் மீளுதலும்

உயர்ந்தவற்றைக் காணுந்தோறும் அவற்றை அடைய வேண்டும் என்னும் விழைவு மக்கள் உள்ளத்தில் இயல்பாகவே எழுகின்றது. திண்ணையின்மேல் ஏற முயலும் குழந்தை, வளர்ந்தபின் மரத்தின்மேல் ஏறுகின்றது. இளமை எய்தியபின் மலையை நோக்குகின்றது. நிலத்தில் நிற்பார்க்குத் தம் ஊரின் எல்லையே உலகின் எல்லையாகத் தோன்றும். மலைமுகட்டில் நிற்பார்க்கோ, தம் ஊரும் அயலூரும், அவற்றினூடே செல்லும் ஆறும், ஆற்றால் நிறையும் ஏரிகளும், ஏரிகளால் விளையும் வயல்களும் ஒருங்கே விளங்கும். தாம் வாழும் நிலத்தை முழுமையாகக் காணும் அக்காட்சி அறிவை விரிக்கும், செருக்கை ஒடுக்கும். ஆதலின், இளைஞர் மலை ஏறுதல் நன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும், மலையேற்றத்தின் வெற்றி யாது என்னும் வினாவுக்கு விடை கூறுங்கால் பலரும் பிழைபடுகின்றனர். உச்சியை அடைதலே வெற்றி என்பது அவர்தம் கருத்து. உண்மையில் உச்சி என்பது வழியின் பாதியே ஆகும். ஏறிய அனைவரும் ஊறின்றி அடிவாரம் வந்து சேர்தலே எஞ்சிய பாதி. உடன் வருவாரைக் காத்து ஏறுதலும், காலம் அறிந்து மீளுதலுமே மலைவழிக்குரிய அறம். இவ்வறத்தை ஒரு மலையின் வாயிலாகவும், அம்மலையைப் பாடிய ஒரு பழைய நூலின் வாயிலாகவும் நன்கு அறியலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கலசபாக்கத்தை அடுத்துப் பருவதமலை நிமிர்ந்து நிற்கின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 4,500 அடி. தென்மாதிமங்கலம், கடலாடி என்னும் ஊர்களின் பக்கமாக அதன்மேற் செல்லும் வழிகள் உள்ளன. உச்சியில் மல்லிகார்ச்சுனருக்கும் பிரமராம்பிகைக்கும் கோயில் அமைந்துள்ளது. முழுநிலா நாள்களில் திரளான மக்கள் அம்மலை ஏறுகின்றனர். வழியின் தொடக்கம் காட்டினூடே செல்லும் படிகளாக உள்ளது. பின்னர்ப் படிகள் மறைந்து, கற்களும் வேர்களும் நிறைந்த செங்குத்தான வழி தொடங்கும். அதற்கும் மேலே மண்ணும் மரமும் இல்லாத வெறும் பாறையே எஞ்சும். அப்பாறையிற் கடப்பாறைகளை அறைந்து, அவற்றிற் சங்கிலிகளைப் பிணித்திருக்கின்றனர். இரும்பாலாகிய படிகளும் ஆங்காங்கே உண்டு. கடப்பாறை நெட்டு, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என அவ்விடங்களுக்கு மக்கள் பெயரிட்டு வழங்குகின்றனர். பெயர்களே வழியின் அருமையை உணர்த்தும். பக்கத்தில் ஆழ்ந்த பள்ளம், மேலே வானம், கையிற் சங்கிலி, காலடியில் ஒரு சாண் பாறை. ஆங்கு நிற்பவருக்குத் தம் செல்வமும் கல்வியும் குலமும் நினைவில் எழுவதில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்னும் ஒன்றே நினைவில் நிற்கும்.

இம்மலையின் பழம்பெயர் நவிரம் என்பது அறிஞர் கருத்து. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நவிர மலையையும், அதன்கண் எழுந்தருளிய காரியுண்டிக் கடவுளையும் குறிப்பிடுகின்றது. செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடிய நூல் அது. அது 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். ஏட்டுச்சுவடியிற் கிடந்த பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அதனால் இந்நூலும் யாவரும் பயிலத்தக்கதாயிற்று.

ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துதல் என்னும் பொருளது. வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அமைவது அது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வழி கூறுபவன், போய் மீண்டவன். சென்றவன் மீளவில்லையாயின், பின்வருவார்க்கு வழி சொல்வார் யார்? போதல் மட்டும் அறிந்தவன் வழிகாட்டி ஆகான். போதலும் மீளுதலும் அறிந்தவனே வழிகாட்டி ஆவான். இவ்வடிப்படையின்மேல் தமிழில் ஓர் இலக்கிய வகையே எழுந்துள்ளமை எண்ணி மகிழ்தற்குரியது.

மலைபடுகடாத்தில் வரும் கூத்தர் தனியாகச் செல்வோர் அல்லர். விறலியரும் சிறுவரும் அவர்களுடன் செல்கின்றனர். இசைக் கருவிகளின் சுமையும் உண்டு. ஆதலின், அவர்களுக்கு மலைவழி கூறும் புலவர், மலையின் அழகைச் சொல்லும் அளவிற்கு அதன் இடர்களையும் சொல்கின்றார். பன்றிகளைப் பிடித்தற்கு வைத்த பொறிகள் வழியில் இருக்குமாதலின் விடிந்தபின்னரே செல்லுமாறு கூறுகின்றார். பாம்பு ஒடுங்கும் குழிகளைக் குறித்துக்கொண்டு விலகிச் செல்லச் சொல்கின்றார். தினைப்புனம் காப்போர் யானைகளை ஓட்ட எறியும் கவண்கற்கள் வந்து விழும் இடங்களில் மரங்களின் மறைவிற் செல்லப் பணிக்கின்றார். வழுக்கும் இடங்களில், தடித்த கொடிகள் சுற்றிய மரங்களைப் பற்றிக்கொண்டு, சிறுவருடன் ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுங்கள் என்கின்றார். வீழ்ந்தாரை மறைத்துவிடும் ஆழ்ந்த மடுவின் கரையில் பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில், அருகே நிற்கும் மூங்கிற் கோலையும் கோரையையும் பிடித்துக்கொள்ளச் சொல்கின்றார். இரவு வந்துவிட்டால், மேலே செல்ல முயலாமல், தம் வீட்டிற் புகுவதுபோலக் கற்குகையிற் புகுந்து தங்குமாறு அறிவுறுத்துகின்றார். வழி தவறினால் அகன்ற பாறையில் அனைவரும் ஒன்றாகக் கூடியிருந்து கருவிகளை இசைக்குமாறும், அவ்வொலி கேட்டு மலைவாழ்நர் வந்து வழிகாட்டுவர் என்றும் கூறுகின்றார்.

இன்றைய மலையேற்றப் பயிற்சியாளர் கூறும் விதிகளை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகுதியாக இல்லை. இரு கைகளும் இரு கால்களும் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பாறையை உறுதியாகப் பற்றியிருத்தல் வேண்டும் என்பர். கல் உருண்டால் கீழுள்ளோர் கேட்குமாறு உரத்துக் கூவுதல் வேண்டும் என்பர். வழி தவறினால் சிதறி ஓடாமல் ஓரிடத்திற் கூடியிருந்து குறிப்பொலி எழுப்புதல் வேண்டும் என்பர். இருள் சூழ்ந்தபின் அறியாத வழியிற் செல்லலாகாது என்பர். கருவிகள் மாறின, மலையின் இயல்பும் மனிதனின் கால்களும் மாறவில்லை.

அந்நூலில் உள்ள மற்றோர் அறிவுரை இக்காலத்து இளைஞர்க்கென்றே கூறியது போன்றது. மலையில் மயில் ஆடும், குரங்கு தாவும், நெடிய பாறையிற் பெருந்தேன் தேர்ச்சக்கரம்போல் தொங்கும். இவை கண்ணைக் கவருமாயினும், நடக்கும்பொழுது இவற்றை நோக்காதீர்கள். நோக்கினால் அடி வழி தவறும் என்று புலவர் எச்சரிக்கின்றார். காட்சியை வெறுத்தவர் அல்லர் அவர். காட்சிகளை நூல் நெடுகப் பாடியவர். காண வேண்டியவற்றை நின்று காண்க, நடக்க வேண்டிய இடத்தை நோக்கி நடக்க என்பதே அவர் கருத்து. இன்று மயிலின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. பள்ளத்தின் விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, தம் முகத்தைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது. நடப்பவன் மயிலை நோக்கினாலாவது மலையின் ஒரு கூற்றை நோக்குகின்றான், தன்படம் எடுப்பவனோ மலையில் நின்றும் மலையை நோக்கவில்லை, தன்னையே நோக்குகின்றான். அவன் தவறுவது காலால் மட்டும் அன்று, கருத்தாலும் ஆகும்.

இனி, உடன் வருவாரைக் காத்தல் என்னும் அறத்தைப் பார்ப்போமாயின், அதுவே இவற்றுள் அரியது. மாணவர் பன்னிருவர் ஒரு விடியலில் மலையேறத் தொடங்குகின்றனர் எனக் கொள்க. அவருள் நால்வர் விரைந்து ஏறும் வன்மையர்; எழுவர் இடைத்தரத்தினர்; ஒருவன் மெலிந்தவன். சிறிது நேரத்தில் நால்வர் முன்னே சென்று மறைகின்றனர். எழுவரும் அவர்களை எட்டிப்பிடிக்க விரைகின்றனர். மெலிந்தவன் பின்தங்கித் தனியனாகின்றான். நீர்க்குடுவை முன்சென்றவரிடம் உள்ளது. பின்தங்கியமையை வாய்விட்டுக் கூற நாணி, அவன் தன் ஆற்றலுக்கு மீறி விரைகின்றான். அந்த விரைவில் அவன் கால் இடறுமாயின், தவறு அவனுடையதா, முன்சென்றவருடையதா? மெலிந்தவன் நடையே குழுவின் நடையாதல் வேண்டும். வன்மையுடையார் இருவரில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் செல்ல, மெலிந்தவர் இடையே செல்லுதல் வேண்டும். மற்றவரை விட்டுவிட்டு உச்சியை முதலில் தொட்டவன் மலையை வென்றவன் அல்லன். தன் நண்பனை இழக்கத் துணிந்தவன்.

ஏறுதலினும் இறங்குதல் எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. ஏறுங்கால் பாறை கண்ணெதிரே இருக்கும். கை பற்றுமிடமும் கால் வைக்குமிடமும் தெரியும். இறங்குங்கால் கால் வைக்குமிடம் உடலுக்குக் கீழே மறைந்துவிடும். உடலின் சுமை முழுவதும் கீழ்நோக்கி விரைய, தொடைத் தசைகள் ஒவ்வோர் அடியிலும் அதனைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் அவை விரைவிற் சோர்ந்து நடுங்கும். உள்ளமும், உச்சியை அடைந்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சியாற் கவனம் தளர்ந்திருக்கும். ஆதலின், செங்குத்தான இடங்களில் பாறையை நோக்கித் திரும்பி நின்று, சங்கிலியைப் பற்றி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குதல் வேண்டும். தன் வலிமை அனைத்தையும் ஏற்றத்திலேயே செலவிட்டவன், இறக்கத்திற்குக் கடன் வாங்க இடம் இல்லை.

வானிலையும் மலைமேல் வேறாக இருக்கும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை குறையும். முகட்டில் தடையின்மையாற் காற்று மிகும். கோடைக் காலத்தில் காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் இருண்டு இடிமழை பொழிதல் உண்டு. மின்னல் உயர்ந்த இடங்களையே நாடும். இரும்புச் சங்கிலியோ மின்னலைக் கடத்தும். நனைந்த பாறை வழுக்கும். ஆகவே, இடியோசை கேட்ட அளவில், உச்சி எத்துணை அணித்தாயினும், முகட்டை விட்டு இறங்கத் தொடங்குதலே அறிவுடைமை.

ஈண்டுச் சிலர் ஒரு தடை எழுப்புவர். உச்சி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்க, அஞ்சித் திரும்புதல் கோழைமை அன்றோ என்பர். இவ்வாறு மூத்தோர் கூறிக் கூறியே இளைஞர் ஊக்கத்தை அழிக்கின்றனர் என்றும் உரைப்பர். இத்தடைக்கு விடை கூற, உலகின் மிக உயர்ந்த மலையின் வரலாறே போதும்.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவைச் சேர்ந்த ரேமண்ட் லாம்பேரும், செர்ப்பா இனத்தவராகிய டென்சிங் நார்கேயும் எவரெஸ்டு மலையின் தென்கிழக்கு முகட்டில் ஏறினர். உறங்குதற்குரிய பைகள் இன்றி, மெழுகுவத்திச் சுடரிற் பனியை உருக்கிப் பருகி, ஒரு சிறு கூடாரத்தில் அவ்விரவைக் கழித்தனர். மறுநாள் ஏறத்தாழ 28,200 அடி உயரம் வரை சென்றனர். அதற்கு முன் அத்துணை உயரம் சென்று மீண்டதாக உறுதியாக அறியப்பட்டவர் எவரும் இலர். உச்சிக்கு ஏறத்தாழ 800 அடியே எஞ்சியிருந்தது. உயிர்வளிக் கருவி நன்கு இயங்கவில்லை, உடல் சோர்ந்தது. மேலே சென்றால் மீளல் அரிது என உணர்ந்து, இருவரும் திரும்பினர்.

மறு ஆண்டு, 1953ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், பிரிட்டானியக் குழுவைச் சேர்ந்த டாம் போர்டிலனும் சார்லசு எவான்சும் தென்முகட்டை அடைந்தனர். உச்சி எதிரே சில நூறு அடி உயரத்தில் இருந்தது. கருவிக் கோளாறும் களைப்பும் நேரமும் கருதி அவர்களும் திரும்பினர். திரும்பியவர்கள், உயிர்வளி எஞ்சியிருந்த இரு குப்பிகளைப் பின்வருவார்க்கென வழியில் வைத்துவிட்டு இறங்கினர். மே 29ஆம் நாள் டென்சிங்கும் எட்மண்டு இல்லரியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். இறங்குங்கால் அவர்களுக்கு உதவியவை அக்குப்பிகளே. டென்சிங் அன்று தம் கழுத்தில் அணிந்திருந்தது, முந்திய ஆண்டு தம்முடன் திரும்பிய லாம்பேர் அளித்த சிவப்புக் கழுத்துத்துணி.

டென்சிங் எவரெஸ்டை நாடிச் சென்றது அதுவே ஏழாம் முறை. 1952இல் அவர் பிடிவாதமாக மேலே சென்றிருப்பின் 1953இல் அவர் இருந்திருப்பாரா? ஆறு முறை மீண்டமையால் அன்றோ ஏழாம் முறை அவர் உச்சியில் நின்றார்! மீளுதல் தோல்வி அன்று. அடுத்த முயற்சிக்கு உயிரைச் சேமித்து வைத்தல் அது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அம்மலையிலேயே உண்டு. 1996ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பலர் உச்சியை நோக்கிச் சென்றனர். பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதார் திரும்பிவிடுதல் வேண்டும் என்பது ஏறுவோரிடையே வழங்கிய வரையறை. அவ்வரையறையைக் கடந்தும் சிலர் ஏறினர். மாலையிற் பனிப்புயல் எழுந்தது. அப்புயலில் எண்மர் உயிர் இழந்தனர். அவர்களுள் தேர்ந்த வழிகாட்டிகளும் இருந்தனர். உச்சிக்கு அணித்தே இருந்தும் முன்னரே திரும்பியவர்கள் தம் வீடு சேர்ந்தனர். பழக்கமும் பயிற்சியும் உடையாரையும், கடிகாரத்தை மறந்தால் மலை மன்னிப்பதில்லை.

இவ்வாறு கூறுதலால், மலையேற்றத்தையே தடுத்துவிடல் வேண்டும் என்று கொள்ளலாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்காட்டில், மலையேறச் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கி, இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நெஞ்சை உருக்கிய அந்நிகழ்ச்சிக்குப்பின், இனி எவரும் மலைப்பக்கம் செல்லலாகாது எனக் கூறினார் சிலர். ஆனால், காட்டையும் மலையையும் அறியாது வளரும் தலைமுறை அவற்றைக் காக்கவும் அறியாது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. வனத்துறையின் இசைவு பெற்று, வழியறிந்தவர் துணையுடன், பருவம் அறிந்து செல்லுதலே தக்க நெறி. இசைவு கேட்டலைச் சிலர் சுமையாகக் கருதுகின்றனர். எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மீண்டனர் என்பதை அடிவாரத்தில் ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. வீட்டில் ஒரு தாய், மாலையில் வாயிலை நோக்கி எண்ணிப் பார்ப்பதும் இதனையே அன்றோ!

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. மரக்கிளையின் நுனிவரை ஏறியவன், அதற்கு மேலும் ஊக்கங்கொண்டு செல்ல முயன்றால், அவ்வூக்கமே அவன் உயிருக்கு முடிவாகும் என்று வள்ளுவர் ஓர் உவமை வாயிலாக விளக்குகின்றார். ஊக்கமுடைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவரும் அவரே. ஊக்கமும் அளவும் பகையல்ல. அளவறிந்த ஊக்கமே நெடுநாள் நிலைக்கும்.

இளைஞர் மலை ஏறுக. விடியலில் தொடங்குக. நீரும் உணவும் தாமே சுமந்து செல்க. கொண்டு சென்ற பொருள்களின் குப்பையையும் தாமே சுமந்து மீள்க. நின்று காண்க, நோக்கி நடக்க. மெலிந்தவன் கையை விடாதிருக்க. திரும்பும் நேரத்தைப் புறப்படும்பொழுதே வரையறுத்துக்கொண்டு, அந்நேரம் வந்ததும் உச்சியை வணங்கித் திரும்புக. மலை நாளையும் அங்கேயே நிற்கும். ஏறியவர் நாளையும் இருத்தல் வேண்டும். போய் மீண்ட ஒருவன் எதிர்வருவார்க்கு வழி கூறியமையாலன்றோ மலைபடுகடாம் பிறந்தது! அவ்வாறே இன்று மலையேறி மீளும் இளைஞன், நாளை தன் தம்பிக்கும் தங்கைக்கும் வழி கூறுவான். அதுவே மலையேற்றத்தின் நிறைந்த வெற்றியாகும்.